எம்.எஸ்சி. நர்சிங்கில் தத்துவம் எதற்கு? வார்டில் நின்றவர்கள் சொல்லுங்கள்

ராத்திரி_டியூட்டி:

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வருஷம் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு இந்த வருஷம்தான் எம்.எஸ்சி. சேர்ந்திருக்கிறேன். எனக்குக் கொடுத்திருக்கும் செமினார் தலைப்பு "செவிலிய அறிவில் தத்துவத்தின் பங்கு". அடுத்த வெள்ளிக்கிழமை பேச வேண்டும். நைட்டிங்கேலில் தொடங்கி, செவிலியக் கோட்பாடு எழுதியவர்களான ஹெண்டர்சனின் 14 அடிப்படைத் தேவைகள், ஓரெமின் சுயபராமரிப்பு, நோயாளியை அக்கறையோடு பார்ப்பதற்கு வாட்சன் சொன்ன பத்துக் காரணிகள், 1978இல் கார்பர் சொன்ன நான்கு வகை அறிவு எல்லாம் மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இதில் ஒன்றாவது வார்டில் எனக்குக் கைகொடுத்ததா என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். 58 வயதுக்காரர், சிறுநீர்த் தொற்றுக்கு அட்மிட் ஆகி மூன்றாவது நாள். காய்ச்சல் குறைந்திருந்தது. ராத்திரி இரண்டரை மணிக்கு ட்ரிப்ஸ் மாற்றப் போனேன். மனிதர் விழித்துக்கொண்டு படுக்கை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவி நீவிச் சரி செய்துகொண்டிருந்தார். முந்தின இரண்டு ராத்திரியும் நான் பக்கத்தில் போனாலே "சாப்பிட்டாச்சாம்மா" என்று கேட்டவர் அன்று கேட்கவில்லை. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது, அது ஃபேனுக்கு நேர் கீழே இருந்த கட்டில்தான். பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த அவர் மனைவி எழுந்து உட்கார்ந்து, "என்னமோ மாதிரி இருக்காரும்மா, இவரு இப்படி இருக்கமாட்டாரு" என்றார். பி.பி. 110/70, ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் 97, பல்ஸ் 98. டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். "வைட்டல்ஸ் நார்மல்தானே சிஸ்டர், காலையில ரவுண்ட்ஸ்ல பாப்போம்" என்றார். அவர் மேல் கோபம் இல்லை, என்னிடம் அவருக்குச் சொல்ல வேறெதுவும் இருக்கவில்லை. விடிந்து ஆறு மணிக்கு பி.பி. 70க்கு இறங்கி, ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். செப்சிஸ், தொற்று உடம்பு முழுவதையும் பாதிக்கும் நிலை. நல்லவேளை, பிழைத்து ஒன்பதாம் நாள் வார்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு இரண்டரை மணிக்கே தெரிந்திருந்தது. அதற்கு என்ன பெயர்? நோட்ஸில் "ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது" என்று எழுத முடியுமா? இதைப் பற்றி இந்தத் தத்துவப் பாடம் ஏதாவது சொல்கிறதா, இல்லை பரீட்சைக்கு மட்டும்தானா? வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள், பாடம் எடுப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய_டியூட்டர்:

தங்கச்சி, உங்கள் கேள்விதான் அந்தப் பாடமே. மனப்பாடம் செய்ய வைத்தோமே தவிர இந்தக் கேள்வியிலிருந்து நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தொடங்கவில்லை, அது டியூட்டர்களான எங்கள் குறை. இருபது வருஷத்துக்கு மேல் நானும் பெயர், வருஷம், கட்டம் போட்ட படம் என்றுதான் நடத்தியிருக்கிறேன்.

கார்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வகை என்று பட்டியலாகப் படித்திருப்பீர்கள். அவர் எந்தக் காலத்தில் அதை எழுதினார் என்பதைப் பார்க்க வேண்டும். 1950கள், 60களில் அமெரிக்காவில் நர்சிங் பல்கலைக்கழகப் படிப்பாக வேரூன்றிய நேரம், எங்களுடையதும் விஞ்ஞானம்தான் என்று நிரூபிக்க எல்லோரும் துடித்த நேரம். அளந்து காட்ட முடிந்ததுதான் அறிவு, மற்றதெல்லாம் நல்ல மனசு, பழக்கம், பெண்களின் இயல்பு என்று ஓரங்கட்டப்பட்டது. அந்தச் சூழலில், 1970களில், கார்பர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக நர்சிங் எழுத்துக்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செவிலியர் உண்மையில் எதை வைத்து வேலை செய்கிறார் என்று கேட்டார். அளந்து அறிவது ஒன்று. எது சரி, எது செய்யத் தகும் என்று அறிவது ஒன்று. எதிரில் இருப்பவரோடு ஒரு மனுஷியாக நின்று அறிவது ஒன்று. நான்காவதை நம் புத்தகங்களில் "அழகியல்" என்று போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். அதற்கும் அழகுக்கும் சம்பந்தமில்லை. இந்த ஒரு நோயாளிக்கு, இந்த நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்பதைத் துண்டு துண்டாக இல்லாமல் முழுசாகப் பிடிப்பது, அதற்கேற்பக் கை தானாக நகர்வது. விரிப்பை நீவியது, சாப்பிட்டாச்சா என்று கேட்காதது, கை சில்லிட்டது, மூன்றையும் சேர்த்து ஒன்றாகப் பார்த்தீர்களே, அதுதான்.

அதற்கு என்ன பெயர் என்று கேட்டீர்கள். கில்பர்ட் ரைல் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1949இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார்: ஒன்றைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு, ஒன்றைச் செய்யத் தெரிந்திருப்பது வேறு. மைக்கேல் போலானி என்ற இன்னொரு தத்துவவாதி அதற்கு மேலே போய், சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்றார். கூட்டத்தில் தெரிந்த முகத்தை உடனே கண்டுபிடிக்கிறோம், எதை வைத்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாட்ரிசியா பென்னர் என்ற செவிலியப் பேராசிரியர் இதை வார்டுக்குக் கொண்டுவந்தார். விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் வைத்து ட்ரேஃபஸ் சகோதரர்கள் திறமை எப்படி வளர்கிறது என்று போட்ட ஐந்து படிநிலைகளை எடுத்துக்கொண்டு, செவிலியர்களிடம் போய் அவர்கள் பார்த்த கேஸ்களைக் கதையாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு 1984இல் புத்தகமாக்கினார். அந்த ட்ரேஃபஸ்களில் ஒருவர் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரின் கருத்துகளைக் கற்பித்த தத்துவப் பேராசிரியர். பரீட்சையில் "நோவிஸ், அட்வான்ஸ்ட் பிகினர்" என்று ஐந்தையும் வரிசையாக எழுதி மார்க் வாங்குகிறோம், அதற்கு அடியில் ஓடுகிற தத்துவத்தை யாரும் சொல்வதில்லை.

ஆக நோட்ஸில் எழுத இடமில்லாததால் அது அறிவு இல்லை என்று ஆகிவிடாது. எழுத இடம் ஏன் இல்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வெள்ளிக்கிழமை இந்த ராத்திரியை வைத்தே தொடங்குங்கள்.

ஐசியூ_தம்பி:

டியூட்டர் மேடம் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஒரு இடத்தில் எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா, நீங்கள் மூச்சை எண்ணினீர்களா?

பி.பி., சாச்சுரேஷன், பல்ஸ் எழுதியிருக்கிறீர்கள், மூச்சு எண்ணிக்கை இல்லை. தப்பாக நினைக்க வேண்டாம், நானும் வார்டில் இருந்தபோது எண்ணியதில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டினால் எல்லாக் கட்டிலிலும் 20 என்றுதான் இருக்கும், தூங்குகிறவருக்கும் 20, இரைக்கிறவருக்கும் 20. நாற்பது பேருக்கும் ஒரே 20 எழுதிவிட்டு, பிறகு உள்ளுணர்வு சொன்னது என்று சொன்னால், அந்த உள்ளுணர்வு எண்ணாமல் விட்ட மூச்சாகவே இருக்கலாம். கண் பார்த்திருக்கும், கை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. செப்சிஸில் பி.பி. விழுவதற்கு முன்னாலேயே மூச்சு கூடும், புத்தி தடுமாறும். பிரிட்டனில் 2012இல் வந்த, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ் (NEWS) ஸ்கோரை 2017இல் திருத்தியபோது "புதிதாக வந்த குழப்பம்" என்பதைத் தனியாகச் சேர்த்தார்கள், அது ஒன்றுக்கே 3 புள்ளி. மூச்சு நிமிஷத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் போனாலும் 3 புள்ளி. எந்த ஒன்றில் 3 வந்தாலும் அவசரமாக வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. அன்றைக்கு நீங்கள் போனில் "மூச்சு 26, ஆள் குழம்பியிருக்கிறார், நேற்று இப்படி இல்லை" என்று சொல்லியிருந்தால் டாக்டர் எழுந்து வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் நல்ல நர்ஸுக்குத் தானாகவே தெரியும் என்று சொல்லி நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. சேர்ந்து மூன்று மாதமான பெண் அந்த ராத்திரியில் இருந்திருந்தால்? அவளுக்கு உள்ளுணர்வு இல்லை, எண்ணத் தெரியும். அவளையும் நோயாளியையும் காப்பாற்றுவது எண்ணிக்கைதான். பென்னர் மேலேயே இந்த விமர்சனம் உண்டு, காரணம் சொல்லத் தெரியாததைப் பெரிய திறமையாக்கினால் அதை யார் சரிபார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். நமக்குத் தோன்றுவது தப்பாகவும் இருக்கும். நடிக்கிறார் என்று எனக்குத் தோன்றிய ஒருவருக்கு உண்மையிலேயே குடல் முறுக்கிக்கொண்டிருந்தது, அதை நான் மறக்கவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். 1990இல் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில், நோயாளி மோசமானால் உடனே வந்து பார்க்கும் அவசரக் குழு முறையைக் கொண்டுவந்தார்கள். யாரும் அந்தக் குழுவைக் கூப்பிடலாம். கூப்பிடுவதற்கான காரணங்களின் பட்டியலில் பி.பி., பல்ஸ் எல்லாம் போட்டுவிட்டு, ஊழியருக்கு நோயாளியைப் பற்றிக் கவலையாக இருந்தால் என்பதையும் ஒரு காரணமாக வைத்தார்கள். நெதர்லாந்தில் அந்தக் கவலையையே பிரித்துப் பார்த்தார்கள், மூச்சில் மாற்றம், அமைதியின்மை, எனக்கு முடியவில்லை என்று நோயாளியே சொல்வது என்று. அதாவது தோன்றியதைத் தூக்கிப் போடவும் இல்லை, கும்பிடவும் இல்லை. எதைப் பார்த்துத் தோன்றியது என்று தோண்டியிருக்கிறார்கள். எனக்குத் தத்துவம் என்றால் இந்த அளவு போதும்.

நாப்பதுக்கு_ஒண்ணு:

எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். எனக்கு ராத்திரியில் ஒரு வார்டு, நாற்பது கட்டில், தரையில் நாலைந்து பேர், நான் ஒருத்தி. மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும் என்று படித்திருக்கிறோம், நாற்பது நிமிஷம் மூச்சுக்கு மட்டும் போகும். நடுவில் ஊசி, ட்ரிப்ஸ், அட்மிஷன், ஒரு மரணம் என்றால் அதற்கான பேப்பர் வேலை. 20 என்று எழுதுவது சோம்பேறித்தனம் இல்லை தம்பி.

தத்துவம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆறாது. எங்கள் கல்லூரியில் தத்துவம் என்று நடத்தியது விளக்கேந்திய தேவதை, சேவை, தியாகம், பொறுமை. சம்பளம் கேட்டபோது அதே வார்த்தைதான் திரும்ப வந்தது, "இது வேலை இல்லம்மா, சேவை". நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையில் விளக்கை மட்டுமா தூக்கினார்? எத்தனை சிப்பாய் காயத்தில் செத்தான், எத்தனை பேர் தடுத்திருக்கக்கூடிய நோயில் செத்தான் என்று கணக்குப் போட்டு, படம் வரைந்து, அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினவர். அந்தப் பாதி எங்கள் பாடத்தில் வரவே இல்லை.

வாட்சனின் பத்துக் காரணிகளைப் படித்துவிட்டு வார்டுக்குப் போனால் குற்ற உணர்ச்சிதான் வருகிறது. ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார எனக்கும் ஆசைதான். உட்கார்ந்தால் அடுத்த கட்டிலில் ட்ரிப்ஸ் முடிந்து குழாயில் ரத்தம் ஏறி நிற்கும். மேடம், இதற்கு உங்கள் கார்பரிடம் பதில் இருக்கிறதா?

பழைய_டியூட்டர்:

கார்பரிடம் இல்லை. நியாயமான அடிதான். நீங்கள் கேட்டதையேதான் ஜில் வைட் என்ற செவிலிய ஆய்வாளர் 1995இல் எழுதினார். நான்கு வகையும் செவிலியரும் நோயாளியும் தனியாக ஒரு அறையில் இருப்பதுபோலப் பேசுகின்றன, அந்த அறை எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது, யார் கட்டினார்கள், எத்தனை பேரை வேலைக்கு வைத்தார்கள் என்று கேட்கவில்லை, அதையும் அறிவாகச் சேருங்கள் என்று ஐந்தாவதாகச் சமூக அரசியல் அறிவைச் சேர்த்தார். நாற்பதுக்கு ஒன்று என்ற உங்கள் பெயரே அந்த ஐந்தாவது வகைதான். சேவை என்ற சொல்லை யார், எப்போது, யாரிடம் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்தீர்களே, அதைத் தத்துவம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு_வரும்_சிஸ்டர்:

தாமதமாக வருகிறேன். தீராத நோயில் இருப்பவர்களின் வலியைத் தணிக்கும் பாலியேட்டிவ் கேரில் வீடு வீடாகப் போகிற வேலை எனக்கு. பேச்சு உள்ளுணர்வா எண்ணிக்கையா என்றே போகிறது, எனக்கு அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். யார் சொன்னால் அது அறிவு?

எங்கள் வேலையில் தினமும் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை கேட்கிறோம். 1968இல் மார்கோ மெக்காஃப்ரி என்ற செவிலியர் வலிக்கு ஒரு வரையறை கொடுத்தார்: அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி, இருக்கிறது என்று அவர் சொல்லும்போதெல்லாம் அது இருக்கிறது. ஒரு வரிதான், ஆனால் அதிகாரம் கை மாறிவிட்டது. அதுவரை வலி இருக்கிறதா என்று நாம் முடிவு செய்தோம், முகத்தைப் பார்த்து, பல்ஸைப் பார்த்து, "இப்பத்தானே ஊசி போட்டோம்" என்று. ஐசியூ தம்பி சொன்ன குடல் முறுக்கல் கேஸும் அதுதானே, நடிக்கிறார் என்று தோன்றியபோது அவர் வார்த்தைக்கு மதிப்பு போய்விட்டது. மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். ஒருவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லுக்குக் கிடைக்க வேண்டிய நம்பிக்கையைக் குறைத்தால், அறிகிறவர் என்ற முறையில் அவருக்கு இழைக்கப்படும் அநீதி அது என்றார்.

நம் தொழிலில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அருணா ஷான்பாக் வழக்கைவிட வேறு வேண்டாம். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்தவர், 1973 நவம்பரில் அங்கேயே தாக்கப்பட்டு மூளை சேதமடைந்து படுக்கையானார். 2015 மே மாதம் இறக்கும்வரை நாற்பத்தோரு வருஷத்துக்கு மேல் அந்த மருத்துவமனைச் செவிலியர்கள் பார்த்துக்கொண்டார்கள், அவரோடு வேலை செய்தவர்கள் ரிடையர் ஆகி, அவர் நலமாக இருந்தபோது பார்த்தே இராதவர்கள் வந்து அதே கட்டிலில் உணவூட்டினார்கள். உணவை நிறுத்தி அவரைப் போகவிட வேண்டும் என்று ஓர் எழுத்தாளர் உச்ச நீதிமன்றம் போனபோது செவிலியர்கள் எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7 தீர்ப்பில், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தும் வகைக் கருணைக்கொலைக்கு வழி திறந்த அதே நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை அவரைத் தினம் பார்த்துக்கொள்கிற மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை என்பது நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட பதிவு. புரட்டிப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வேலை என்று. உணவு ஊட்டும்போது முகத்தில் பதில் தெரிகிறது என்று அவர்கள் சொன்னதை அறிவு என்பதா, பாசத்தில் தோன்றியது என்பதா? நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன். செவிலியர்கள் பக்கம்தான் என் மனம், ஆனாலும் அவர் என்ன விரும்பியிருப்பார் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. இந்த இடத்தில் எந்த ஸ்கோரும் உதவாது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில், 950, நோயாளி, மருத்துவன், மருந்து என்று மூன்றைச் சொல்லி நான்காவதாக "உழைச்செல்வான்" என்கிறார். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவர் என்பதையே நம் தொழிலுக்குப் பெயராக வைத்த மொழி இது. பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்லி, பக்கத்தில் இருப்பவருக்குப் பராமரிப்பு அறிவு, கைத்திறன், நோயாளிமேல் பற்று, தூய்மை என்று நான்கு குணம் சொல்கிறது. பற்று அங்கே திறமைகளின் வரிசையிலேயே இருப்பதைக் கவனியுங்கள்.

இப்போது ராத்திரி டியூட்டி தங்கச்சியிடம் என் கேள்வி. மன்னிக்கணும், கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்களைவிடப் பக்கத்தில் ஒருவர் பாயில் படுத்திருந்தார். "இவரு இப்படி இருக்கமாட்டாரு" என்று அந்த அம்மா சொன்னதை எங்கே எழுதினீர்கள்? டாக்டரிடம் போனில் சொன்னீர்களா?

ராத்திரி_டியூட்டி:

சிஸ்டர், உங்கள் பதிலை நேற்று ராத்திரி படித்தேன். உடனே எழுத முடியவில்லை.

எழுதவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. நோயாளிக்குத் துணையாக இருக்கும் அட்டெண்டர்கள் ராத்திரியில் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள் என்று ஏழு வருஷப் பழக்கம். அந்த அம்மாவிடம் "ஒண்ணுமில்லம்மா, படுங்க" என்றுதான் சொன்னேன், இப்போது ஞாபகம் வருகிறது. டாக்டர் என்னிடம் சொன்னதும் அதுவேதான்.

தம்பி, மூச்சையும் எண்ணவில்லை. அன்றைக்கும் 20 என்றுதான் எழுதியிருக்கிறேன், நாற்பதுக்கு ஒண்ணு அக்கா சொன்ன காரணம் எனக்கும் பொருந்தும், ஆனால் அவர் ஒருவருக்கு மட்டும் அரை நிமிஷம் நின்று எண்ணியிருக்கலாம், ஏனென்றால் அவர் பக்கத்தில் எப்படியும் அரை நிமிஷத்துக்கு மேல் நின்றேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

செமினாரை மாற்றிவிட்டேன். முதல் ஸ்லைடில் பெயர்கள் இல்லை, அந்த ராத்திரியின் நோட்ஸ்தான், அடையாளம் எதுவும் இல்லாமல். நான் அன்றைக்கு எழுதியது ஒரு பக்கம்: "ட்ரிப்ஸ் மாற்றப்பட்டது. வைட்டல்ஸ் நிலையாக உள்ளது. டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது." மறுபக்கம் எழுதியிருக்க வேண்டியது: "அதிகாலை 2.30. விழித்திருக்கிறார், படுக்கை விரிப்பை இடைவிடாமல் நீவுகிறார், முந்தைய இரவுகளில் பேசியவர் இன்று பேசவில்லை. கை குளிர்ந்துள்ளது. மூச்சு" என்று எழுதி அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாது என்பதால். அதற்குக் கீழே, "மனைவி கூறுவது: இவர் இப்படி இருக்கமாட்டார்."

டியூட்டர் மேடம், கார்பரையும் வைட்டையும் இதற்குப் பிறகு எந்த வரிசையில் வைப்பது என்று மட்டும் சொல்லுங்கள். பதினைந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள்.